மோட்டறைக்கு ஒரு கதவு

1

ஊரில் எங்களைப் பற்றி ஒரு கதை உலாவுகிறதாம். “வதனி லண்டனிலை மேல்வீடு கட்டிப்போட்டாள்” என்று. பருத்தித்துறைச் சந்தைக்கு மீன் வாங்கப் போன என் ஒன்றுவிட்ட தங்கையை மறித்து ஒருவர் விசாரித்திருக்கிறார். கதையைக் கிளப்பிவிட்டவர் வேறு யாருமில்லை, என் அண்ணைதான். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியிருக்கிற ஒரே உத்தியோகம் கைத்தொலைபேசி. நான் அனுப்புகிற படங்களைச் சந்திக்குச் சந்தி காட்டிக்கொண்டு திரிகிறார்.

ஆகவே உண்மையை நானே எழுதிவிடுகிறேன். மேல்வீடும் இல்லை, மாளிகையும் இல்லை. ஓட்டுக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே, பழைய சூட்கேசுகளும் உடைந்த மின்விசிறியும் டிசம்பரில் மட்டும் இறங்குகிற நத்தார் மரமும் கிடந்த முக்கோண இடத்தை ஒரு படுக்கையறை ஆக்கியிருக்கிறேன். கூடிய பங்கு என் கையால்தான்.

அதற்கு எங்கள் வீட்டில் மோட்டறை என்று பெயர். கூரையின் உச்சியை நாங்கள் மோடு என்போம். மோட்டு வளை, மோட்டு ஓடு என்று கேட்டு வளர்ந்தவள் நான். என் மகள் அபி இங்கே பிறந்தவள். அவளுக்குத் தெரிந்த மோடு வேறு. சின்ன வயதில் பாலை ஊற்றினாலும் சுவரில் கீறினாலும் “என்ன மோட்டு வேலை இது” என்றுதான் நான் ஏசுவேன். ஆகவே மோட்டறை என்று நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். “முட்டாள் அறையோ, அம்மா?” என்றாள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு நடந்ததைப் பார்த்தால் அவள் சொன்ன பொருளும் பிழையில்லை.

2

எங்கள் வீடு இரண்டு அறை வீடு. பெரியதில் நானும் இவரும். சின்னதில் அபி. அதில் கட்டிலைப் போட்டால் அலுமாரிக் கதவு முழுதாகத் திறக்காது. பள்ளிக்கூடம் போன காலத்தில் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பல்கலைக்கழகம் முடித்து, வேலை கிடைத்து, சம்பளமும் எடுக்கத் தொடங்கியபின் ஒரு சனிக்கிழமை காலை, நான் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும்போது வந்து சொன்னாள்:

“அம்மா, நானும் என்னோடை வேலை செய்யிற பிள்ளையும் ஒரு ஃபிளாற் பாத்திருக்கிறம். ஒக்டோபரிலை எடுக்கலாமாம்.”

“ஏன், இந்த வீட்டுக்கு என்ன குறை?”

“அறை காணாது, அம்மா.”

அறை காணாது என்றால் எனக்கு இடம் போதாது, அவ்வளவுதான். சொல்லுக்குள் இன்னொரு சொல் இருக்குமென்று தேடுகிற பழக்கம் எனக்கில்லை. தோசையைப் புரட்டிவிட்டு, “காணாட்டி மேலை ஒண்டு கட்டுவம்” என்றேன். “செப்டம்பர் முடியிறதுக்கிடையிலை உனக்கு மேலை பெரிய அறை. அப்ப போகமாட்டாய்தானே?”

“பாப்பம்” என்றாள்.

எங்கள் பக்கத்தில் ‘பாப்பம்’ என்பது எதற்கும் பொறுப்பெடுக்காத சொல். கலியாணம் பேசப் போன இடத்தில் ‘பாப்பம்’ என்றால் செருப்பைக் கொழுவிக்கொண்டு திரும்பவேண்டியதுதான். ஆனால் அன்று எனக்கு அது ‘ஓம்’ என்றே காதில் விழுந்தது. வேண்டியது அப்படித்தான் விழும்.

கலியாணம் முடிக்காத பிள்ளை தனியே வீடெடுத்து இருந்தால் சனம் என்ன சொல்லும் என்று அண்ணையிடம் சொல்லிப் புலம்பினேன். அது பாதிதான் உண்மை. என்னோடு தபாலகத்தில் கடிதம் பிரிக்கிற பெண்களின் பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. நத்தாருக்கு ஒரு பூச்சாடியோடு வந்து, கோட்டைக் கழற்றாமலே இருந்துவிட்டுப் போகிறார்களாம். எங்கள் வீட்டில் கதைக்கிற ஆள் அபி ஒருத்திதான். இவர் நல்ல மனிதர், ஆனால் கேட்டதற்குத்தான் பதில். அவளும் போய்விட்டால் நான் குளிர்சாதனப் பெட்டியோடுதான் கதைக்கவேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அதுதான் மற்றப் பாதி.

3

இவரைப் பற்றி ஒரு வார்த்தை. இவர் சாவகச்சேரிப் பக்கம். மாமரங்களுக்கு நடுவில் பிறந்தும் ஒரு மரத்திலாவது ஏறியதில்லை, கீழே நின்று கொக்கத்தடியால் பறித்தே வளர்ந்தவர். ஏணி என்றாலே கால் நடுங்கும்.

“நீர் விழுந்து கிழுந்து போனீரெண்டால் ஆர் சமைக்கிறது?” என்று கேட்டார்.

“விழாமல் ஏணியைப் பிடியுங்கோ” என்றேன்.

அவர் பிடித்தார். அந்தக் கோடை முழுவதும் அவர் பார்த்த வேலை அதுதான், குறை சொல்லமாட்டேன், நன்றாகவே பிடித்தார்.

எனக்கு உயரம் புதிதில்லை. புலோலியில் எங்கள் வீடு ஓட்டு வீடு. மாரி மழைக்கு முன்னம் அப்பா கூரையில் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றுவார். ஏணியில் நின்று ஓடு எடுத்துக் கொடுக்கவேண்டியது அண்ணை. அவருக்கு அன்றைக்கென்று பார்த்துச் சோதனைக்குப் படிக்கவேண்டியிருக்கும். ஆகவே நான்தான். கைமரம், சலாகை, குறுக்கே போகிற தீராந்தி எல்லாம் எனக்கு அங்கே நின்று தெரிந்தவை. மரநாய் குடியிருந்த மூலையும் தெரியும்.

அதே அண்ணைதான் இப்போது தொலைபேசியில் மேற்பார்வை. நான் தொலைபேசியைக் கைமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்வேன். அவர் பருத்தித்துறையில் சாய்வுகதிரையில் கிடந்துகொண்டு கட்டளை இடுவார்.

“எடியே, உந்தத் தீராந்தி கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு.”

“சரிஞ்சு கிடக்கிறது உங்கடை ஃபோன், அண்ணை.”

“மோட்டுக்குள்ளை பிள்ளையைப் படுக்கவைக்கப் போறியோ? மரநாய்க்கெல்லோ அந்த இடம்.”

“இஞ்சை மரநாய் இல்லை. அணில்தான்.”

“அப்ப அணிலைக் கலைச்சுப்போட்டுப் பிள்ளையை ஏத்திறாய்” என்றார். அவருக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

4

தீராந்தியால் எனக்குக் கடையிலும் ஒரு அவமானம். பழைய மரங்கள் சீலிங்கைத் தாங்கத்தான் காணும், ஆள் நடக்கக் காணாது என்று படம் கீறித் தந்த பொறியியலாளர் சொல்லிவிட்டார். என்ன விலை வருமென்று விசாரிக்க மரக்கடைக்குப் போனேன். தீராந்திக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று வாசலில் நின்றபோதுதான் யோசித்தேன். அது போர்த்துக்கேயன் எங்களுக்கு விட்டுவிட்டுப் போன சொல் என்று எப்போதோ வாசித்திருக்கிறேன். போர்த்துக்கேயனிடம் வாங்கியதை ஆங்கிலேயனிடம் மாற்ற முடியவில்லை. இரண்டு கையையும் அகல விரித்து, தலைக்கு மேலே பிடித்து, “இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு” என்று விளக்கினேன். கடைக்காரப் பெடியன் மிகவும் மரியாதையாகத் திரைச்சீலை தொங்கவிடுகிற கம்பிகள் இருக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அபிக்கு ஃபோன் அடித்தேன். “ஜொயிஸ்ட் எண்டு கேளுங்கோ, அம்மா” என்றாள். அவள் வேலையிடத்தில் இருந்து சிரித்தது கடைக்காரனுக்கும் கேட்டிருக்கும்.

புதுத் தீராந்திகளை ஏற்றவும், கூரையை வெட்டி யன்னல் வைக்கவும், படிக்கட்டுப் பொருத்தவும் ஆள் பிடித்தோம். பேராசைக்கும் ஒரு அளவு வேண்டும். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நான். தரைப் பலகை அடித்தேன். கைமரங்களுக்கு இடையில் கண்ணாடிப் பஞ்சை அடைத்தேன். கையுறை போட்டும், முகமூடி போட்டும், உடம்பெல்லாம் காஞ்சோண்டி பட்டதுபோல் ஒரு கிழமை சொறிந்துகொண்டு திரிந்தேன். ஜிப்சம் பலகையைச் சரிவான கூரையில் பொருத்துகிறபோது இவரையும் மேலே ஏற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு ஏறி வந்து, தும்புத்தடியால் பலகையை முண்டு கொடுத்து நின்றார். நான் ஆணி முடுக்கினேன். அந்த ஒரு நாளை அவர் இன்னும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டால் அறையை அவர்தான் கட்டினார் என்று நினைப்பீர்கள்.

சரிவில் தலையை இடித்து இடித்து என் நெற்றியில் ஒரு புடைப்பு நிரந்தரமாக இருந்தது. வேலையிடத்தில் ஒரு பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சுகம்தானா என்று மெதுவாகக் கேட்டாள். இவரைப் பற்றித்தான் சந்தேகப்படுகிறாள் என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவரை அப்படி ஒருவர் நினைத்ததில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

5

இங்கே உங்கள் வீட்டில் நீங்கள் ஆணி அடிப்பதென்றாலும் நகரசபைக்காரர் வந்து பார்க்கவேண்டும். வேலை பாதியில் இருக்கும்போது ஒரு அதிகாரி வந்தார். மெல்லிய, மரியாதையான மனிதர். சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று அவராகவே கேட்டதால் எனக்கு உடனே பிடித்துவிட்டது. பஞ்சைத் தட்டிப் பார்த்தார், மரத்தை அளந்தார். படிக்கட்டின் உச்சிக்கு வந்து நின்றார்.

படிக்கட்டு நேரே அறைக்குள் ஏறும். இடையில் வாசல் மட்டும்தான், கதவு இல்லை. பொறியியலாளரின் படத்தில் அந்த இடத்தில் ஒரு கதவு கீறிக் கிடந்தது. படம் என்றால் வடிவுக்கு நாலையும் கீறுவார்கள் என்று நான் அதைக் கணக்கெடுக்கவில்லை. மேல்மாடி முழுவதுமே ஒரு ஆளுக்கு. அதற்குள் கதவு எதற்கு?

“அப்படியானால் இந்த இடத்தில் நீங்கள் கதவு போடவில்லையா?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“யெஸ்” என்றேன்.

அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போய்விட்டார்.

6

ஓகஸ்ட் கடைசியில் அறை வெளிச்சமாகிவிட்டது. சாய்ந்த யன்னலால் வானம் மட்டும் தெரியும். சுவருக்கு அபி சொன்ன நிறமே அடித்தேன், அது வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவில் தடுமாறுகிற ஒரு நிறம். வாசலுக்கு நானே ஒரு திரைச்சீலை தைத்தேன். மஞ்சள் துணி, ஓரத்தில் பச்சைப் பூ.

எங்கள் புலோலி வீட்டில் அறைகளுக்குக் கதவு இருந்தது, சாத்துகிற வழக்கம்தான் இல்லை. வாசலில் திரைச்சீலை ஆடும். உடுப்பு மாற்றுகிறபோது சாத்தலாம், காய்ச்சல் என்றால் சாத்தலாம். மற்றப்படி பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால் யாரோ யாரோடோ கோபம் என்று அர்த்தம். அம்மா குசினி அடுப்படியில் நின்றே கேட்பா, “உள்ளுக்கை என்ன நடக்குது?” என்று. நாங்கள் அக்கா தங்கைகள் மூன்று பேர் ஒரு பாயில் கிடந்தோம். கொழும்பில் விடுதியில் நாலு பேர். பிறகு கலியாணம். தனியே ஒரு அறையில் நித்திரை கொண்ட ஞாபகமே எனக்கு இல்லை. அதை ஒரு குறையாகவும் நான் நினைத்ததில்லை.

அபியை மேலே கூட்டிப்போய் மஞ்சள் திரைச்சீலையை விலக்கிக் காட்டினேன். சுற்றிப் பார்த்தாள். யன்னலைத் திறந்தாள், மூடினாள். திரைச்சீலையைப் பிடித்துப் பார்த்தாள்.

“நல்ல வடிவாயிருக்கு, அம்மா. உண்மையாய்” என்றாள். என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஃபிளாற்றை இன்னொருமுறை பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் பத்திரிகைக்காரர் போடமாட்டார்கள். இடுப்பு உடைய, நெற்றி வீங்க, மூன்று மாதம் கூரைக்குள் கிடந்திருக்கிறேன். இதற்குமேல் ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்? இவரிடம் கேட்டேன். “அவவைத்தான் கேக்கவேணும்” என்றார். பயனுள்ள பதில். அண்ணையைக் கேட்டேன். “அறைக்கு நாள் பாத்துத்தானே துவங்கினாய்?” என்றார். அன்றைக்கு அவரோடும் கதையை நிறுத்திக்கொண்டேன்.

7

செப்டம்பரில் அதிகாரி கடைசித் தடவையாக வந்தார். அவர் சரி என்று எழுதித் தந்தால்தான் அது படுக்கையறை. இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அது சூட்கேஸ் வைக்கிற இடம்தான், ஆள் படுக்கக்கூடாது. அன்று அபி வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாள்.

படிக்கட்டின் உச்சியில் நின்று அவர் திரைச்சீலையைப் பார்த்தார். “கதவு எங்கே?” என்றார்.

“கதவு இல்லை. முதலே சொன்னேனே.”

தன் குறிப்பைப் புரட்டினார். “நீங்கள் கதவு போடவில்லையா என்று கேட்டேன். ஆம் என்று சொன்னீர்கள்.”

“ஆம் என்றுதான் சொன்னேன். கதவு போடவில்லை என்று.”

“ஆம் என்றால் போடுகிறீர்கள்.”

“ஆம் என்றால் நீங்கள் சொன்னது சரி. போடவில்லை.”

அவரும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. சத்தம் கேட்டு அபி மேலே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் படியிலேயே இருந்துவிட்டாள், சிரிப்பில் எழும்ப முடியவில்லை. பிறகு அவருக்கு விளங்கப்படுத்தினாள்: எங்கள் ஆட்களிடம் ‘சாப்பிடவில்லையா’ என்று கேட்டால், சாப்பிடாதவர் ‘ஓம், சாப்பிடவில்லை’ என்பார். கேட்டவரோடு ஒத்துப்போகிற ஓம் அது. வீட்டில் அம்மாவின் ஒவ்வொரு யெஸ்ஸையும் திருப்பிக் கேட்டுத்தான் நம்புவோம் என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்ததற்காகச் சட்டம் மாறாது. தீ பிடித்தால் அரை மணி நேரமாவது தாங்குகிற பாரமான கதவு போடவேண்டும், போட்டபின் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “என்ன விசர் வேலை இது? கீழ்க்கதவு இருக்கு, தெருக்கதவு இருக்கு. மேலை ஒரு ஆள் படுக்கிற இடத்துக்கு என்னத்துக்குக் கதவு?”

“போடுங்கோவன், அம்மா” என்றாள் அபி.

“மேலை ஆரடி வரப்போகினம்?”

“நீங்கள் வருவியள்.”

அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. நேரம் கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள்.

“நான் வந்தால் உனக்கென்ன?”

“ஒண்டுமில்லை. ஆனால் எப்பவும் வருவியள். உடுப்பு வைக்க வருவியள், லைற் நிப்பாட்ட வருவியள், சாப்பிட்டியோ எண்டு கேக்க வருவியள். சின்ன அறையிலையும் கதவைச் சாத்தினால் உடனே திறப்பியள். எனக்கு அறை காணாதெண்டு நான் சொன்னது அளவை இல்லை, அம்மா.”

“சாத்திப்போட்டு உள்ளுக்கை என்ன செய்யப்போறாய்?” என் வாயில் என் அம்மாவே வந்து கேட்டுவிட்டா.

“ஒண்டும் செய்யிறதுக்கில்லை. சும்மா இருக்கிறதுக்குத்தான்.”

நான் கீழே இறங்கிவிட்டேன். மனம் நொந்துபோயிற்று, பொய் சொல்லமாட்டேன். பெற்ற தாய் வரக்கூடாதென்று ஒரு கதவா? அன்று மாலை முழுவதும் வெங்காயம் உரித்தேன். அவ்வளவு வெங்காயம் சமையலுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் ஒன்று விளங்கிற்று. கோடை முழுவதும் நான் கட்டியது எனக்குப் பிடித்த அறையை. அவளுக்கு வேண்டியதை அந்த அதிகாரி வந்து சட்டம் பேசித்தான் கேட்டு வாங்கிக் கொடுக்கவேண்டியிருந்தது.

8

கதவை மூன்று பேருமாகப் பொருத்தினோம். பாரத்தில் அது கதவு இல்லை, இரும்புப் பெட்டி. படிக்கட்டால் ஏற்றுவதற்குள் மூன்று பேருக்கும் சீவன் போய்விட்டது. இவர் அடியில் ஆப்பு வைத்துத் தாங்க, அபி நிமிர்த்திப் பிடிக்க, நான் பிணைச்சல்களை நிலையோடு முடுக்கினேன். முதல்தரம் அடிப்பக்கம் உரசிற்று. கழற்றி, சீவி, திரும்பவும் மாட்டினோம். இந்தமுறை சத்தமில்லாமல் சாத்திற்று.

“உள்ளாலை கொளுக்கி வேணுமோ?” என்று கேட்டேன். வேண்டாம் என்பாள் என்று ஒரு நப்பாசை.

“ஓம்” என்றாள்.

அதையும் நானே பூட்டிக் கொடுத்தேன். அதிகாரி வந்து பார்த்து, கையெழுத்து வைத்தார். அபி தன் கட்டிலையும் புத்தகங்களையும் மேலே கொண்டுபோனாள். ஃபிளாற் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ‘பாப்பம்’ என்று வருமோ என்ற பயம். செப்டம்பரும் முடிந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மடித்த உடுப்புகள் இரண்டு கை நிறைய, மேலே ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கும்போதுதான் எனக்குக் கதவு தட்டத் தெரியாது என்று தெரிந்தது. ஊரில் யார் கதவைத் தட்டினார்கள்? யாருடைய வீட்டுக்குப் போனாலும் தெருப் படலையடியில் நின்று “வீட்டுக்காரர்” என்று ஒரு குரல் கொடுப்போம். உள்ளேயிருந்து ஒருவர் வந்து “வாங்கோ, இருங்கோ” என்று சொன்ன பிறகுதான் வளவுக்குள் கால் வைப்போம். முன்பின் தெரியாதவர்களுக்குக்கூட அந்த மரியாதை உண்டு. சொந்தப் பிள்ளைக்கு அதைக் கொடுப்பதென்று யாரும் நினைத்ததில்லை.

கையும் சும்மா இல்லை. ஆகவே வாயைத் திறந்தேன்.

“வீட்டுக்காரர்” என்றேன்.

உள்ளே தரைப் பலகையில் கால் வைக்கிற சத்தம். கொளுக்கி கழன்றது. கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு அபி நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

“வாங்கோ, இருங்கோ” என்றாள்.

நான் கட்டிய அறையில் நான் விருந்தாளியாகக் கட்டில் ஓரத்தில் இருந்தேன். கூச்சமாக இருந்தது. உடுப்பை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். அலுமாரியை அவளே திறந்து வாங்கி அடுக்கினாள். இப்போது அதன் கதவு முழுதாகத் திறக்கிறது.

“அந்தப் பிள்ளை ஃபிளாற்றுக்கு வேறை ஆளைப் பாத்திட்டுது” என்றாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. “நான்தான் பாக்கச் சொன்னனான்.”

நான் சுருக்கமில்லாத கட்டில் விரிப்பை நீவிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

அவள் வந்து பக்கத்தில் இருந்தாள். வேலையிடத்து மேலாளரைப் பற்றிச் சொன்னாள், அவரைப்போலவே கதைத்துக் காட்டினாள். தனக்குப் பிடித்த ஒருவனைப் பற்றியும் அரைவாசி சொன்னாள், மற்ற அரைவாசியை நான் கேட்கவில்லை. சின்ன அறையில் நான் கதவைத் திறந்து கேட்டதற்கெல்லாம் “ம்” என்ற ஒற்றை எழுத்தைத் தவிர வேறு பதில் வந்ததில்லை. போதும், பிள்ளையைத் தனியே விடுவோம் என்று நான் எழும்பப் போனேன்.

“இன்னும் கொஞ்சம் இருங்கோவன், அம்மா” என்றாள்.

கீழேயிருந்து இவர், தேத்தண்ணி இல்லையோ என்று கூப்பிட்டார். அபி எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.